மேற்குப் பக்கச் சுவர்

அக்கா,

இன்று காலை எங்கள் வின்டர்கார்ட்டன் கண்ணாடி அறைக்குச் சிலிக்கோன் புதுப்பிக்க ஒருவர் வந்திருந்தார். கண்ணாடிக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் இடையில் இருக்கும் பசை பத்து வருடத்தில் காய்ந்து வெடித்துவிடுமாம். பழையதைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினார். வினாகிரிப் போத்தலைத் திறந்ததுபோல அந்த மணம் வீடு முழுக்க ஏறியது. முதன்முதலாகக் கண்ணாடி பூட்டியபோதும் இதே மணம் மூன்று நாள் நின்றது. நீங்கள் உங்கள் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "மூக்கடைப்புக்கு நல்லது" என்று சிரித்தீர்கள். வேலையாட்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இன்றைக்கு வந்தவருக்கு ஒரு கோப்பி வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் மேல்மாடிக்குப் போய் இருந்துவிட்டேன். அவர் போன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் நான் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்கு எனக்கு ஐந்து வருடம் தரப்பட்டது.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தால், சூரிச் ஏரிக்கரையில் நாங்கள் இரண்டு பேரும் துப்புரவு செய்யப் போன அந்த வீட்டில்தான் போய் நிற்கிறது மனம். அகதி முகாமில் பழகிய பழக்கத்தில், அந்த வேலையை எனக்குப் பிடித்துத் தந்தவர் நீங்கள். வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டுக்கார அம்மாவின் வின்டர்கார்ட்டனைத் துடைப்பதுதான் கடைசி வேலை. மூன்று பக்கமும் கூரையும் கண்ணாடி. உள்ளே எலுமிச்சை மரங்கள், பிரம்புக் கதிரைகள். வெளியே பனி கொட்டும்போது உள்ளே கையுறை இல்லாமல் நிற்கலாம். அந்த அம்மா வீட்டில் இல்லாத நாட்களில் வேலை முடிந்து பத்து நிமிடம் உட்காருவோம். உட்காருவதற்கு முன்னர் நீங்கள் பையிலிருந்து எங்கள் துவாய்களை எடுத்துக் கதிரைகளின்மேல் விரிப்பீர்கள். எங்கள் உடுப்பில் இருந்த துப்புரவு மருந்தின் மணம் மெத்தையில் ஒட்டக்கூடாது என்று. எனக்கு அது அவமானமாக இருக்கும். உங்களுக்கு இருக்கவில்லை. "வேலைக்கு வந்த இடத்திலை வேலைக்காரராய் இருப்பம்" என்பீர்கள்.

அந்தக் கதிரையில் இருந்துகொண்டுதான் எனக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று நினைத்தேன். உங்களிடம்கூடச் சொல்லவில்லை.

பிறகு நீங்கள் முதியோர் இல்லத்தின் சலவைப் பிரிவுக்குப் போனீர்கள், நான் ஆஸ்பத்திரிக் குசினிக்கு வந்தேன். 2010இல் ஆரா நகருக்குப் பக்கத்தில் ஒரு இரட்டை வீடு விற்பனைக்கு வந்தபோது, ஒரு பாதியை நாங்களும் மறுபாதியை நீங்களும் அத்தானும் வாங்கினோம். நடுவில் ஒரே சுவர். பின்பக்கம் தெற்குப் பார்த்த இரண்டு முற்றங்கள், இடையில் வேலிகூட இல்லை. கீரைப்பாத்தி எது உங்களுடையது, எது எங்களுடையது என்று வருகிறவர்களுக்குத் தெரியாது.

ஆராவின் குளிர்காலத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நவம்பர் தொடங்கினால் ஆற்றிலிருந்து எழும்பும் மூடுபனி ஊரை மூடிவிடும். சில நாட்களில் அது விலகவே விலகாது. விலகும் நாட்களில் மத்தியானம் ஒரு மணிக்கு மேல்தான் சூரியன் தெரியும். நாலரைக்கு மலைக்குப் பின்னால் போய்விடும். சலவை வேலை உங்கள் விரல் மூட்டுகளைப் பிடித்த பிறகு, அந்த மூன்று மணித்தியாலத்துக்காகவே நீங்கள் காலை வேலைநேரத்தைக் கேட்டு வாங்கினீர்கள். வேலையால் வந்து, முற்றத்தின் மேற்கு மூலையில் கதிரையைப் போட்டு, இரண்டு கைகளையும் மடியில் விரித்து வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருப்பீர்கள். நான் குசினி யன்னலால் பார்த்துக் கைகாட்டுவேன்.

எங்களுடைய பாதி மேற்குப் பக்கம். பின்னேர வெயில் எங்கள் முற்றத்தைக் கடந்துதான் உங்களிடம் வரவேண்டும். அதை நீங்கள் ஒருநாளும் யோசித்திருக்கமாட்டீர்கள். நானும் 2014 வரைக்கும் யோசிக்கவில்லை.

அந்த வருடம்தான் வின்டர்கார்ட்டன் கட்டுவது என்று நானும் இவரும் முடிவெடுத்தோம். முதலில் உங்களிடம்தான் ஓடிவந்து சொன்னேன். அதை விற்கும் நிறுவனத்தின் கண்காட்சி மண்டபத்துக்கும் உங்களைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். இவர் நாற்பது பக்க விபரக்கொத்தை வாசித்துக்கொண்டு நிற்க, நீங்கள் ஒவ்வொரு மாதிரியாகச் சுற்றிவந்து பார்த்தீர்கள். மரச்சட்டம் பார்வைக்கு நல்லது, ஆனால் மழைப்பக்கம் ஊறிவிடும், வருடாவருடம் பூசவேண்டும் என்றீர்கள். கூரை தட்டையாக இருந்த ஒன்றைக் காட்டி, இதில் பனி வழுக்காமல் கிடக்கும், கழுவின தண்ணீரும் தேங்கும் என்றீர்கள். வெயில் மறைப்புத் திரையை உள்ளே போட்டால் கண்ணாடி சூடாகிப் பிரயோசனமில்லை, வெளியே போடச் சொல்லுங்கள் என்றீர்கள். விற்பனையாளர் அசந்துபோனார். எந்த நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள் என்று உங்களிடம் கேட்டார். நீங்கள் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"கண்ணாடியைப் பாக்கிறவை தெரிவு செய்யக்கூடாது, பிள்ளை. துடைக்கிறவைதான் தெரிவு செய்யோணும்."

நீங்கள் தெரிவு செய்ததைத்தான் வாங்கினேன். சாம்பல் நிற அலுமினியச் சட்டம், சரிவான கூரை, சூடு வெளியேற மேலே இரண்டு திறப்புகள், நிலத்துக்குக் கீழே சூடாக்கி. முழு அகலத்துக்கும், இந்த முனையிலிருந்து உங்கள் எல்லை வரைக்கும். படத்தில் எல்லாப் பக்கமும் கண்ணாடி.

இரண்டு கிழமை கழித்து நிறுவனத்திலிருந்து ஒருவர் அளவெடுக்க வந்தார். நான் மட்டும் வீட்டில் நின்றேன். அவர் அளந்து முடித்து, உங்கள் பக்கத்து எல்லையைக் காட்டி, இந்தப் பக்கம் கண்ணாடி வைக்க முடியாது என்றார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வருவதால் நெருப்புத் தடுப்புக்காகக் கல்லுச் சுவர்தான் கட்டவேண்டும், அதுவும் கூரை உயரத்துக்கு. வேண்டாம் என்றால் எல்லையிலிருந்து தள்ளிக் கட்டலாம், அறை ஒடுக்கமாகும். எல்லை வரைக்கும் கட்டுவதென்றால் பக்கத்து வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும். அவர் கடைசியாக ஒன்று கேட்டார்: பின்னேர வெயில் எந்தப் பக்கத்தால் வரும்? நான் கையால் காட்டினேன். அப்படியென்றால் அவர்களோடு முதலில் கதையுங்கள் என்றார் அவர்.

எனக்கு எல்லாம் விளங்கியது, அக்கா. எனக்கு டொச் மொழி விளங்கவில்லை என்று சொல்ல முடியாது. அவர் போன பிறகு நான் முற்றத்தில் நின்று உங்கள் கதிரை கிடந்த இடத்தைப் பார்த்தேன். மேற்கு மூலை. சுவர் வந்தால் பனி விலகி ஒரு மணித்தியாலத்துக்குள் அந்த இடம் நிழலாகிவிடும் என்று கணக்குப் போடக்கூட நேரம் எடுக்கவில்லை. ஒடுக்கமான அறையையும் நினைத்துப் பார்த்தேன். மேசை போட்டால் நடக்க இடம் இருக்காது. நாலு பேர் இருக்க முடியாது. குசினியில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு ஏற்கெனவே படத்தைக் காட்டியிருந்தேன்.

அடுத்தநாள் பின்னேரம் உங்கள் குசினிக்கு வந்தேன். கையில் மூன்று தாள்கள் இருந்தன. மேலே, மண்டபத்தில் தந்த வண்ணப்படம். நடுவில், நீங்கள் கையெழுத்து வைக்கவேண்டிய கடிதம். அடியில், கல்லுச் சுவர் குறித்த வரைபடம். அந்த அடித்தாளை நான் எடுத்துக் காட்டவில்லை. நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். கையைத் துடைத்துவிட்டு வண்ணப்படத்தைப் பார்த்தீர்கள்.

"எங்கடை பக்கமும் கண்ணாடிதானே, பிள்ளை?"

"ஓம் அக்கா. எல்லாப் பக்கமும் கண்ணாடிதான்."

"அப்ப வெயில் வரும்."

"ஏன் வராது? கண்ணாடிக்குள்ளாலை வரும்தானே."

நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள். விரல் நோவால் பேனை சரியாகப் பிடிபடாமல் உங்கள் பெயரின் கடைசி எழுத்து கோணலாக விழுந்தது. வடிவில்லை, வேறு தாள் இருந்தால் திரும்ப வைத்துத் தரலாமா என்று கேட்டீர்கள். தேவையில்லை என்று அவசரமாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இவரிடம் அக்காவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். அது அந்த நாளின் இரண்டாவது பொய்.

விண்ணப்பம் ஊர்ச்சபைக்கு, கெமைண்டே அலுவலகத்துக்குப் போனது. முற்றத்தில் நீளமான கம்பங்களை நட்டு, கட்டப்போவதன் உயரத்தையும் அகலத்தையும் காட்டினார்கள். ஊரில் எவருக்கும் ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதலாம். கம்பங்கள் உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டும். இடையில் வரப்போவது கண்ணாடியா கல்லா என்று காட்டாது. அந்த முப்பது நாளும் நீங்கள் அந்தக் கம்பங்களுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தீர்கள். வழமைபோல நான் யன்னலால் கைகாட்டினேன். நீங்களும் காட்டினீர்கள். சில நாட்களில் என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்ததுபோல இருந்தது. குற்றமுள்ள மனம் அப்படித்தான் நினைக்கும் என்று என்னை நானே சமாளித்துக்கொண்டேன்.

ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. ஓகஸ்டில் வேலை தொடங்கியது. முற்றத்தைத் தோண்டி, உறைபனி தொடாத ஆழத்துக்கு அத்திவாரம் போட்டு, தளத்துக்குக் கொங்கிறீற் ஊற்றினார்கள். பிறகு மேசன்மார் வந்து சுவரைக் கட்டத் தொடங்கினார்கள். அது ஒரு செவ்வாய்க்கிழமை. நீங்கள் வேலையால் வந்தபோது சுவர் உங்கள் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. நான் லீவில் நின்றேன். யன்னல் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தேன். நீங்கள் கைப்பையை இறக்காமல் சுவருக்கு முன்னால் நின்றீர்கள். மேசன்மாரோடு ஒன்றும் கதைக்கவில்லை. அதைத் தொட்டும் பார்க்கவில்லை. திரும்பி எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். வெகுநேரம் நின்றீர்கள். நான் வெளியே வரவில்லை.

கடைசியில் நீங்கள் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து மேசன்மாருக்குக் கொடுத்தீர்கள்.

அன்று பொழுதுபடமுன்னர் நானே உங்களிடம் வந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். சத்தியமாக அப்படித்தான். கதவைத் திறந்த உங்கள் முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தைகள் வந்தன.

"கடைசி நேரத்திலை கெமைண்டே சொல்லிப்போட்டுது அக்கா. நெருப்புச் சட்டமாம். எங்களுக்கும் இப்பத்தான் தெரியும்."

"இப்பத்தானோ?"

"ஓம் அக்கா."

நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு, "சரி, சட்டம் எண்டா என்ன செய்யிறது" என்றீர்கள். சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். நான் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லி வந்துவிட்டேன். அதுவும் பொய்தான்.

கண்ணாடிகள் லொறியில் வந்தன. பாரந்தூக்கியால் வீட்டுக்கு மேலால் தூக்கி இறக்கியபோது தெருவே கூடி நின்று பார்த்தது. உறிஞ்சும் கைபிடிகளால் நாலு பேர் ஒவ்வொரு கண்ணாடியாகப் பிடித்துப் பொருத்தினார்கள். செப்டெம்பர் கடைசியில் வேலை முடிந்து, பால் காய்ச்சி, தெரிந்தவர்களைக் கூப்பிட்டோம். நீங்களும் அத்தானும் பட்டுடுத்தி வந்தீர்கள். எல்லோரும் என் தெரிவைப் புகழ்ந்தபோது, அக்காதான் தெரிவு செய்தவ என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் மூலையில் இருந்துகொண்டு, "நல்ல வெளிச்சமா இருக்கு" என்றீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் அந்தச் சுவர் இருந்தது. எங்கள் பக்கம் அதற்கு வெள்ளை பூசி, அதில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி மாட்டியிருந்தேன், அறை பெரிதாகத் தெரியட்டும் என்று.

நவம்பர் வந்தது. முதலில் உங்கள் கதிரை முற்றத்தின் நடுவுக்கு நகர்ந்தது. பிறகு கிழக்கு ஓரத்துக்கு. பிறகு கீரைப்பாத்திக்கு அப்பால், ஈரப் புல்லின்மேல். டிசம்பரில் கதிரை உள்ளே போய்விட்டது. ஒருநாள் இவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"அக்கா பஸ் தரிப்பிலை இருக்கிறா. எங்கை போறியள், ஏத்திக்கொண்டு போகட்டோ எண்டு கேட்டன். ஒரு இடமும் போகேல்லையாம், சும்மா இருக்கிறாவாம்."

தெருமுனையில் இருந்த அந்தத் தரிப்பில் நாலு மணிவரைக்கும் வெயில் எறிக்கும். நீங்கள் அங்கே மர வாங்கில் உட்கார்ந்து, கையுறைகளைக் கழற்றி, கைகளை மடியில் விரித்திருந்தீர்கள். பஸ் வந்தால் சாரதிக்குத் தலையாட்டி, போகச் சொல்லுவீர்கள். இவர் அதை ஒரு வேடிக்கைபோலச் சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் உங்களை எங்கள் வின்டர்கார்ட்டனுக்குக் கூப்பிட்டேன். இங்கே வந்து இருங்கள், இது உங்கள் வீடு மாதிரித்தானே என்று. நீங்கள் இரண்டுமுறை வந்தீர்கள். இரண்டாம் முறை நீங்கள் கைகளுக்கு நோவெண்ணெய் பூசியிருந்தீர்கள். என் மகளின் பள்ளிக்கூடத் தோழியும் அவளுடைய தாயும் அன்று பின்னேரம் வருவதாக இருந்தது. நீங்கள் உட்காருவதற்கு முன்னர் நான் ஒரு துவாயை எடுத்துவந்து மெத்தையின்மேல் விரித்தேன். விரித்து முடித்த பிறகுதான் என் கை என்ன செய்தது என்று எனக்கே தெரிந்தது. நீங்கள் துவாயைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். பிறகு அதன்மேல் உட்கார்ந்தீர்கள். பத்து நிமிடம் இருந்திருப்பீர்கள். போகும்போது துவாயை மடித்துக் கதிரைக் கையில் வைத்துவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் அங்கே உட்காரவே இல்லை. அடுப்பில் கறி இருக்கிறது, அத்தான் வருகிற நேரம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். நானும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். நிறுத்தியது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மற்றபடி எங்களுக்குள் ஒன்றும் மாறவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக்கொண்டோம். என் மகளின் பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தை முதலில் பார்த்தது நீங்கள். எனக்குக் கர்ப்பப்பைச் சத்திரசிகிச்சை நடந்தபோது பன்னிரண்டு நாள் சமைத்து அனுப்பினீர்கள். ஒவ்வொரு நாளும் பாத்திரத்தைத் திருப்பித் தரும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நீங்களும் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வாசலில் கொஞ்சநேரம் நிற்பீர்கள். கதைப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்பதுபோல. நான் வெங்காயத்தின் விலையைப் பற்றிக் கதைத்துவிட்டுத் திரும்புவேன்.

2019 ஒக்டோபரில் வேலைத்தலத்தில் நீங்கள் மயங்கி விழுந்தீர்கள். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். குசினியிலிருந்து மேலே ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது.

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கிழமை அத்தான் உங்கள் கடுதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். உதவிக்கு நான் போனேன். ஒரு கோவையிலிருந்து கெமைண்டே அலுவலகத்தின் கடிதம் ஒன்றை எடுத்து, என் முன்னால் மேசையில் வைத்தார். எங்கள் விண்ணப்பத்தைப் பற்றி எல்லை வீட்டுக்காரருக்கு அனுப்பிய அறிவித்தல். கூடவே வரைபடத்தின் பிரதி. உங்கள் பக்கத்துச் சுவர் கறுப்புக் கோடாகத் தடித்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் பென்சிலால், உங்கள் கோணல் எழுத்தில், 'கல்' என்று எழுதியிருந்தது.

உங்கள் மகன் பேர்னிலிருந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வாசித்துச் சொன்னானாம். கம்பங்கள் நட்ட முதல் கிழமையே. கையெழுத்தை இன்னும் திருப்பி வாங்கலாம், ஆட்சேபம் எழுதலாம் என்று அவன் தாளையும் எடுத்துவிட்டானாம்.

"நானும் சொன்னனான், எழுதுவம் எண்டு" என்றார் அத்தான். "அவ விடேல்லை. அவள் என்னட்டை மறைக்கமாட்டாள், வந்து சொல்லுவாள், பொறுங்கோ எண்டா."

"சுவர் எழும்பின பிறகும், அத்தான்?"

"பிறகும்தான். இண்டைக்கு இல்லாட்டி நாளைக்குச் சொல்லுவாள் எண்டு சொல்லிக்கொண்டிருந்தா. பிறகு அந்தக் கதையை விட்டிட்டா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு கடுதாசியை எடுத்து, இது எறியலாமா என்று என்னிடம் கேட்டார். நான் அவர் காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். "என்னட்டைச் சொல்லி என்ன, பிள்ளை" என்றார். கடுதாசிகளை அடுக்கி முடித்தோம்.

அன்றைக்குப் பிறகு எல்லாவற்றையும் நான் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. மேசன்மாருக்கு முன்னால் நீங்கள் அதிர்ச்சியில் நிற்கவில்லை. என் கதவு திறக்கும் என்று நின்றீர்கள். "இப்பத்தானோ" என்று நீங்கள் கேட்டது, நான் திரும்பிவருவதற்கு ஒரு வழிவிட்டுக் கேட்டது. பாத்திரத்தோடு வாசலில் நின்ற ஒவ்வொரு நாளும் அப்படித்தான். நான் உங்களை ஏமாற்றிவிட்டேன் என்ற வெட்கத்தோடுதான் இவ்வளவு நாளும் இருந்தேன். நீங்கள் ஏமாறவில்லை என்று தெரிந்தபோது வந்த வெட்கத்துக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

சுவரை இடிக்கலாமா என்று அந்த நிறுவனத்திடம் கேட்டேன். கூரையின் ஒரு பக்கம் அதில்தான் தாங்கி நிற்கிறது, முழுவதையும் கழற்றவேண்டும் என்றார்கள். முழுவதையும் கழற்றுவோம் என்று இவரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். அன்றைக்குத்தான் அவருக்குச் சொன்னேன். அவர், இப்ப இடிச்சு ஆருக்கு என்று கேட்டார். அத்தான் அதற்குள் மகனோடு போய்விட்டார். உங்கள் பாதியை ஒரு இளம் சுவிஸ் தம்பதி வாங்கியிருந்தார்கள்.

போன இளவேனிலில் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றாள். இந்தச் சுவருக்கு முன்பு இருந்தவர்கள் எப்படிச் சம்மதித்தார்கள் என்று என்னிடம் கேட்டாள், குற்றம் சாட்டுவதுபோல அல்ல, சும்மா. நான் அவளுக்கு நடந்ததைச் சொன்னேன். நான் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன் என்று டொச்சில் நாலு வசனத்தில் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து, அது எவ்வளவோ காலத்துக்கு முந்தியதுதானே என்றாள். அவள் நல்ல பிள்ளை. ஆனால் அவளிடம் சொன்னது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. அந்த மொழியில் என் குற்றம் ஒரு கட்டட விவகாரம்போலக் கேட்டது.

நான் இப்போது எவர் வீட்டுக் கதவைத் தட்டினாலும், அவர்கள் திறந்துவிட்டு ஒரு நொடி பேசாமல் நின்றால், என்னிடமிருந்து எதையோ எதிர்பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. என்றாலும் அந்த ஒரு நொடியை நான் வேறு கதையால் நிரப்புவதில்லை. மகளிடமும் இவரிடமும் குசினியில் என்னோடு நிற்பவர்களிடமும், சொல்லவேண்டியதை அந்த நொடியிலேயே சொல்லிவிடுகிறேன். சில சமயம் அது அவர்களுக்கு நோகிறது. உங்களால் எனக்கு வந்த பழக்கம் இது. உங்களுக்கு மட்டும் இதனால் பயனில்லாமல் போய்விட்டது.

அக்கா, உங்கடை பக்கம் கல்லுச் சுவர்தான் வரும் எண்டு எனக்கு முதலே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கையெழுத்து வாங்கினனான்.